அச்சத்தை வளர்க்கும் ஆறுதல்

பதற்றத்தால் துன்புறும் ஒருவருக்கு நம் சமூகம் பொதுவாக இரண்டு அறிவுரைகளை வழங்குகிறது. ‘பயமாக இருந்தால் அங்கே போக வேண்டாம்’ என்பது ஒன்று. ‘தைரியமாக இரு, எல்லாம் மனப்பிரமை’ என்பது மற்றொன்று. முதலாவது அன்பில் பிறப்பது. இரண்டாவது சலிப்பில் பிறப்பது. இரண்டும் நோயைக் குணப்படுத்துவதில்லை. முதல் அறிவுரையோ நாளடைவில் நோயை வளர்க்கவும் செய்கிறது. பதற்ற நோய்களுக்கு நடத்தைச் சிகிச்சை அளித்துவரும் உளவியலாளர் என்ற முறையில், ஆறுதல் எப்படி நோய்க்கு உணவாகிறது என்பதையும், அதற்கு மாற்றாக அறிவியல் கண்டடைந்த வழி என்ன என்பதையும் இங்கே விளக்க விரும்புகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019இல் உலகெங்கும் ஏறத்தாழ 30.1 கோடிப் பேர் பதற்ற நோய்களுடன் வாழ்ந்தனர். மனநலக் கோளாறுகளில் மிகப் பரவலானவை இவையே. பயனளிக்கும் சிகிச்சைகள் இருந்தும், நால்வரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது. இந்தியாவில் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகள் கொண்டோரில் சுமார் 85% பேர் சிகிச்சை பெறவில்லை என்று கண்டறிந்தது. சிகிச்சைக்கு வருவோரிலும் பலர் பல ஆண்டுகளை வீட்டுக்குள் சுருங்கிக் கழித்த பின்னரே வருகின்றனர்.

அச்சம் எப்போது நோயாகிறது?

அச்சம் இயற்கையானது, உயிரைக் காப்பது. தொல்காப்பியர் அதை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் என அது பிறக்கும் நான்கு இடங்களையும் வகுத்துரைத்தார். உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதையே மெய்ப்பாடு என்கிறோம். இன்றைய உளவியலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆபத்து என்று மூளை கருதும் கணத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, மூச்சு வேகமெடுக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, தசைகள் இறுகுகின்றன. ஓடவோ போராடவோ உடல் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது.

சீறும் பாம்பின் முன் இது வரம். பேருந்து நிறுத்தத்திலும், அலுவலகக் கூட்டத்திலும், தொலைபேசி மணி ஒலிக்கும்போதும் இதே எச்சரிக்கை ஒலித்தால் அது சுமை. ஆபத்தின் அளவுக்குப் பொருந்தாத அச்சம், மாதக்கணக்கில் நீடித்து, படிப்பையும் வேலையையும் உறவுகளையும் முடக்கும்போது அதைப் பதற்ற நோய் என்கிறோம். குறிப்பிட்ட பொருள்மீதான அச்சம், சமூகப் பதற்றம், பீதி நோய், எதற்கெடுத்தாலும் கவலைப்படும் பொதுப் பதற்ற நோய் என்று இதற்குப் பல வடிவங்கள் உண்டு. எண்ணச் சுழற்சி நோய் எனப்படும் ஓசிடியை இப்போது தனி வகையாகப் பிரித்துவிட்டாலும், அதன் சிகிச்சையும் இதே அடிப்படையில் அமைந்ததே.

தவிர்ப்பு என்னும் கந்துவட்டி

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குச் செல்லும் ஒரு பெண். ஒருநாள் கூட்ட நெரிசலில் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது; மூச்சு முட்டுகிறது; உயிர் போய்விடும் என்று தோன்றுகிறது. பாதி வழியில் இறங்கிவிடுகிறார். இறங்கிய சில நிமிடங்களில் படபடப்பு அடங்குகிறது. மருத்துவப் பரிசோதனைகளில் இதயத்தில் குறை ஏதும் இல்லை. ஆனால், மறுநாள் பேருந்தைப் பார்த்ததும் வயிறு கலங்குகிறது, ஆட்டோவில் செல்கிறார். அடுத்த மாதம் கணவர் இருசக்கர வாகனத்தில் கொண்டுபோய் விடுகிறார். அதற்கடுத்து திருமண மண்டபம், திரையரங்கு, கோயில் திருவிழா ஒவ்வொன்றாக விலகுகின்றன. ஓராண்டில் வேலையும் போகிறது.

இங்கே நடந்தது என்ன? 1947இல் அமெரிக்க உளவியலாளர் ஹோபார்ட் மௌரர் இதை இரண்டு கட்டங்களாக விளக்கினார். முதல் கட்டத்தில், பேருந்தும் பீதியும் மனத்தில் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. இரண்டாம் கட்டத்தில், பேருந்தைத் தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் உடனடி நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே பரிசாகி, தவிர்க்கும் பழக்கத்தை உறுதிப்படுத்துகிறது. பேருந்தில் தொடர்ந்து அமர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அறியும் வாய்ப்பு அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை கிடைப்பதே இல்லை. ‘இறங்கியதால் பிழைத்தேன்’ என்றே மனம் எழுதிவைத்துக்கொள்கிறது.

தவிர்ப்பு தரும் நிம்மதி கந்துவட்டிக் கடனைப் போன்றது. கேட்டவுடன் கிடைக்கும், ஆனால், வாழ்க்கையின் ஒவ்வொரு மூலையையும் அடகு வைக்கச் செய்யும். வெளிப்படையாகத் தெரியாத தவிர்ப்புகளும் உண்டு. பையில் மாத்திரை இல்லாமல் வெளியே போகாதது, கதவருகே உள்ள இருக்கையிலேயே அமர்வது, கூட்டத்தில் யார் கண்ணையும் பாராமல் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆகியவற்றை ‘பாதுகாப்பு நடத்தைகள்’ என்கிறோம். ‘இது இருந்ததால்தான் தப்பித்தேன்’ என்ற நம்பிக்கையை இவை கட்டிக்காக்கின்றன.

முயலில் தொடங்கிய வரலாறு

கற்றுக்கொண்ட அச்சத்தை அகற்றவும் கற்றுக்கொடுக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு முதல் தெளிவான விடை 1924இல் கிடைத்தது. அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸிடம், ஆய்வேட்டில் பீட்டர் என்று அழைக்கப்பட்ட, மூன்று வயதுகூட நிறையாத சிறுவன் ஒருவன் வந்தான். அவனுக்கு முயல் என்றால் நடுக்கம். அவன் விரும்பிய தின்பண்டத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டில் இருந்த முயலைத் தொலைவில் வைத்தார் ஜோன்ஸ். அடுத்தடுத்த அமர்வுகளில் கூண்டு சிறிது சிறிதாக அருகில் வந்தது. முயலுக்கு அஞ்சாத குழந்தைகள் அதனுடன் விளையாடுவதையும் அவன் பார்த்தான். இறுதியில், தன் விரல்களை முயல் மெல்லக் கடிப்பதற்கும் அவன் இடம் கொடுத்தான்.

இந்த ஆய்வு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராகப் பணியாற்றிய தென்னாப்பிரிக்கர் ஜோசப் வோல்ப், போர் அதிர்ச்சிக்கு ஆளான வீரர்களுக்கு அன்றைய மருந்துவழிச் சிகிச்சை நிலையான பலன் தராததைக் கண்டு, மாற்று வழி தேடினார். 1958இல் வெளியான அவருடைய நூல், அச்சங்களை வரிசைப்படுத்தி, தசைகளைத் தளர்த்திய நிலையில் அவற்றை ஒவ்வொன்றாக மனக்கண்ணில் எதிர்கொள்ளும் முறையை நிலைநாட்டியது. தளர்வு நிலையும் அச்சமும் ஒரே உடலில் ஒருசேர இருக்க முடியாது என்பது அவர் கொள்கை. பின்வந்த ஆய்வுகள், தசைத் தளர்வு இல்லாமலும் இம்முறை பலன் தருவதைக் காட்டின. குணப்படுத்தியது தளர்வைக் காட்டிலும் எதிர்கொள்வதே என்பது தெளிவாயிற்று. லண்டனில் ஐசக் மார்க்ஸ் போன்றோர், கற்பனையில் எதிர்கொள்வதைவிட நேரடியாக எதிர்கொள்வதே சிறந்தது என்ற நிலைப்பாட்டை முன்னெடுத்தனர். இன்று ‘எதிர்கொள்ளல் சிகிச்சை’ என்று நாங்கள் அழைப்பது இந்த மரபின் விளைச்சல்.

ஏணியில் ஏறும் முறை

கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்குவதல்ல இந்தச் சிகிச்சை. அப்படித் தள்ளப்பட்டவர்களில் சிலர் நீந்தக் கற்றிருக்கலாம். பலர் வாழ்நாள் முழுவதும் தண்ணீரை வெறுத்திருக்கிறார்கள். எதிர்கொள்ளல் சிகிச்சையில் நோயாளியின் இசைவின்றி ஓர் அடியும் எடுத்துவைக்கப்படுவதில்லை. முதலில், அச்சம் எவ்வாறு செயல்படுகிறது என்பது விளக்கப்படுகிறது. பிறகு, அஞ்சும் சூழல்களை அவரே பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் இடுகிறார். இந்த அளவுகோலும் வோல்ப் வழங்கியதே.

மேற்சொன்ன பெண்ணின் ஏணி இப்படி அமையலாம்: பேருந்து நிறுத்தத்தில் கால் மணி நேரம் நிற்பது 30, கூட்டமில்லாத நண்பகலில் துணையுடன் ஒரு நிறுத்தம் பயணிப்பது 45, அதே தொலைவைத் தனியே பயணிப்பது 60, நான்கைந்து நிறுத்தங்கள் தனியே செல்வது 70, காலை நெரிசலில் பாரிமுனைவரை செல்வது 95. ஒவ்வொரு படியிலும் பலமுறை, வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு பேருந்துகளில் பயிற்சி நடக்கும். படபடப்பு வரும், வர வேண்டும். அது வந்ததும் இறங்கிவிடாமல் இருப்பதுதான் பாடம்.

ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னர் நான் கேட்கும் கேள்வி, ‘என்ன நடக்கும் என்று அஞ்சுகிறீர்கள்?’ என்பது. ‘மயங்கி விழுந்துவிடுவேன்’ என்று எழுதிவைக்கிறார். பயணம் முடிந்த பின் அதைப் படித்துப் பார்க்கிறோம். விழவில்லை. அஞ்சியதற்கும் நடந்ததற்கும் உள்ள இந்த இடைவெளிதான் மருந்து. ஆய்வாளர் மிஷெல் கிராஸ்கே போன்றோரின் விளக்கப்படி, பழைய அச்சம் அழிந்துபோவதில்லை. ‘இது ஆபத்தில்லை’ என்ற புதிய பாடம் அதன்மேல் படிந்து அதை அடக்குகிறது. இதன் வேர் பாவ்லோவின் ஆய்வகத்தில் இருக்கிறது. மணியோசைக்கு உமிழ்நீர் சுரக்கப் பழகிய நாய்க்கு, உணவின்றி மணியை மட்டும் பலமுறை ஒலித்தபோது அந்தப் பழக்கம் மறைந்தது. ஆனால், சிறிது இடைவெளிக்குப் பின் மீண்டும் தலைகாட்டியது. அதனால்தான் குணமான பின்னும் அச்சம் ஒருநாள் எட்டிப்பார்த்தால், அது தோல்வி அல்ல என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பயிற்சியைச் சிலமுறை புதுப்பித்தால் போதும்.

நோய்க்கேற்ற உத்திகள்

அடிப்படை ஒன்றே என்றாலும், உத்திகள் நோய்க்கேற்ப மாறும். பீதி நோயாளி அஞ்சுவது பேருந்துக்கு அல்ல. தன் இதயத் துடிப்புக்கே. உடலின் இயல்பான மாற்றங்களை மரணத்தின் அறிகுறியாகத் தவறாகப் படிப்பதே பீதியைத் தூண்டுகிறது என்று 1986இல் பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கிளார்க் விளக்கினார். ஆகவே, அந்த உடலுணர்வுகளையே வேண்டுமென்று வரவழைக்கிறோம். படிக்கட்டில் ஓடி ஏறுவது, சுழலும் நாற்காலியில் சுற்றுவது, மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மூச்சுவிடுவது ஆகியவை பயிற்சிகள். தலைசுற்றலும் படபடப்பும் வந்து, தாமாகவே அடங்குவதை அவர் கண்கூடாகக் காண்கிறார். இதய நோய், ஆஸ்துமா, கர்ப்பம் போன்ற நிலைகளில் மருத்துவரைக் கேட்ட பின்னரே இவற்றைச் செய்ய வேண்டும்.

ரத்தத்தையும் ஊசியையும் கண்டு மயங்குவோர் தனி ரகம். மற்ற அச்சங்களில் ரத்த அழுத்தம் உயரும். இவர்களுக்கோ சற்று உயர்ந்து, பின் சரேலென்று சரிகிறது. இவர்களிடம் ‘உடலைத் தளர்த்துங்கள்’ என்று சொல்வது பொருந்தாத அறிவுரை. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஊஸ்ட் 1980களில் இதற்கு நேரெதிரான வழியை வகுத்தார். கை, கால், உடல் தசைகளை 10 முதல் 15 விநாடிகள் முகம் சூடேறும்வரை இறுக்கி, அரை நிமிடம் விட்டு, மீண்டும் இறுக்க வேண்டும். ரத்த அழுத்தம் உயர்ந்து மயக்கம் தவிர்க்கப்படுகிறது. ஊசிக்கு அஞ்சி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடும் நீரிழிவு நோயாளிக்கு இது உயிர்காக்கும் பயிற்சி. சிலந்தி, ஊசி போன்ற குறிப்பிட்ட அச்சங்களை அதிகபட்சம் மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்வில் குணப்படுத்தும் முறையையும் ஊஸ்ட் 1989இல் வெளியிட்டார்.

ஓசிடி நோயாளிக்கு எதிர்கொள்வது மட்டும் போதாது. சடங்கையும் நிறுத்த வேண்டும். கதவின் கைப்பிடியைத் தொட வேண்டும். தொட்டபின் கை கழுவாமல் இருக்க வேண்டும். சிகிச்சைக்கு வசப்படாதது என்று கருதப்பட்டுவந்த இந்நோயில், லண்டனைச் சேர்ந்த விக்டர் மேயர் 1966இல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒரு திருப்புமுனை. சமூகப் பதற்றம் உடையவர் கடைக்குப் போய், பொருளை விசாரித்துவிட்டு வாங்காமல் திரும்பலாம். கூட்டத்தில் எளிய கேள்வி ஒன்றைக் கேட்கலாம். எல்லோரும் சிரிப்பார்கள் என்ற கணிப்பு அங்கே சோதனைக்கு உள்ளாகிறது. நாள் முழுவதும் கவலைப்படுவோருக்கு, கவலைக்கென்றே தினமும் அரை மணி நேரத்தை ஒதுக்கி, மற்ற நேரத்தில் எழும் கவலைகளைக் குறித்துவைத்து அந்த வேளைக்குத் தள்ளிப்போடும் உத்தி உண்டு. குறித்த நேரம் வரும்போது பல கவலைகள் வலுவிழந்திருப்பதை அவர்களே காண்பார்கள்.

குடும்பம் என்ன செய்யலாம்?

நம் குடும்பங்களின் பெரும்பலம் அவற்றின் அரவணைப்பு. பதற்ற நோயில் அந்த அரவணைப்பே சிக்கலாவதை நான் அன்றாடம் காண்கிறேன். பள்ளிக்குப் போக அஞ்சும் பிள்ளையை ‘இன்று ஒருநாள் மட்டும்’ என்று வீட்டில் வைத்துக்கொள்வது, கை கழுவிக்கொண்டே இருக்கும் மகளுக்காக வீடே மாற்றுடை அணிவது, ‘எனக்கு ஒன்றும் ஆகாதே?’ என்று இருபது முறை கேட்கும் தந்தைக்கு இருபது முறையும் ‘ஒன்றும் ஆகாது’ என்று விடையளிப்பது எல்லாம் அன்பின் செயல்கள். ஆனால், நோயின் பார்வையில் ஒவ்வொன்றும் ஒரு தவணை நிம்மதி. அடுத்த தவணைக்கான தூண்டுதல்.

யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழுவினர் உருவாக்கிய திட்டம் ஒன்றில், பதற்ற நோயுள்ள குழந்தைகளுக்கு அல்ல, பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி அளிக்கப்பட்டது. 2020இல் வெளியான அதன் ஆய்வு, குழந்தைகளுக்கே நேரடியாக அளிக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு நிகரான பலனை அது தந்ததாகக் காட்டியது. பெற்றோர் கற்றது இரண்டே: குழந்தையின் அச்சம் உண்மை என்று ஏற்பது, அந்த அச்சத்தை அதனால் தாங்க முடியும் என்று நம்பிக்கை காட்டுவது. ‘உனக்குப் பயமாக இருக்கிறது என்று தெரியும், உன்னால் சமாளிக்க முடியும் என்றும் தெரியும்’ என்ற வாக்கியத்தில் கண்டிப்பும் இல்லை, விட்டுக்கொடுத்தலும் இல்லை. தவிர்ப்புக்குத் துணைபோவதைக் குறைக்கும்போது அதையும் முன்னறிவித்து, படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

எல்லைகளை அறிவோம்

இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் முழுப் பலன் தருவதில்லை. இடையில் விட்டுச்செல்வோரும் உண்டு. தைராய்டு மிகைச் சுரப்பு, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவையும் படபடப்பைத் தரும் என்பதால் முதலில் மருத்துவப் பரிசோதனை அவசியம். உண்மையான ஆபத்தை எதிர்கொள்ளப் பழக்குவதும் இதன் வேலையல்ல. அடிக்கும் கணவனுக்கு அஞ்சும் பெண்ணுக்குத் தேவை பாதுகாப்பும் சட்டத்தின் துணையும்தான். எதிர்கொள்ளல் பயிற்சி அல்ல.

மாத்திரைகளுக்கு நான் எதிரானவர் அல்ல. மனச்சோர்வு மருந்துகளில் சில பதற்ற நோய்களிலும் நன்கு உதவுகின்றன. சிலருக்கு மருந்தும் சிகிச்சையும் சேர்ந்தே தேவைப்படும். கவலைக்குரியவை, உடனடி அமைதி தரும் பென்சோடயசெபின் வகை மாத்திரைகள். குறுகிய காலத்துக்கு மருத்துவர் கண்காணிப்பில் அவற்றுக்கு இடமுண்டு. நீண்ட காலம் உட்கொண்டால் அடிமைப்படுத்தும். பல மாதங்களாக உட்கொள்வோர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் வழியே மெல்லக் குறைக்க வேண்டும். மூச்சுப் பயிற்சியும் தியானமும் பொதுவான மனநலத்துக்கு நல்லவையே. ஆனால், பேருந்துக்கு அஞ்சுபவர் வீட்டில் அமர்ந்து பல்லாண்டு மூச்சுப் பயிற்சி செய்தாலும், பேருந்து பற்றிய பாடத்தைப் பேருந்தில்தான் கற்க முடியும்.

கைக்கு எட்ட வேண்டிய சிகிச்சை

இங்கிலாந்தில் பொருளியலாளர் ரிச்சர்ட் லேயர்டும் மேற்சொன்ன டேவிட் கிளார்க்கும் அரசிடம் ஒரு வாதத்தை முன்வைத்தனர்: குணமானவர்கள் வேலைக்குத் திரும்புவதால், உளவியல் சிகிச்சைக்குச் செலவிடும் பணம் அரசுக்கே திரும்பிவரும் என்பது அது. 2008இல் தொடங்கிய திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சையாளர்களாகப் பயிற்சி பெற்றனர். மருத்துவர் பரிந்துரை இல்லாமலும் மக்கள் நேரடியாக அணுகலாம். ஒவ்வோர் அமர்விலும் நோயின் அளவு மதிப்பிடப்பட்டு, எத்தனை பேர் குணமடைந்தனர் என்பது பொதுவெளியில் வெளியிடப்படுகிறது.

இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாளர்கள் அவர்களைவிடவும் அரிதானவர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநலச் சிகிச்சையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியிருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. இவற்றின் துணையுடன் மூன்று பணிகளைத் தொடங்கலாம். முதலாவதாக, அரசு மருத்துவமனைகளின் செவிலியர்களுக்கும் பள்ளி ஆலோசகர்களுக்கும் எதிர்கொள்ளல் சிகிச்சையின் அடிப்படைகளை, வல்லுநர் மேற்பார்வையுடன் கற்பிக்க வேண்டும். இரண்டாவதாக, நோயாளியும் குடும்பமும் கையில் வைத்துப் பயன்படுத்தத்தக்க பயிற்சிக் கையேடுகளை எளிய தமிழில் அரசே வெளியிட வேண்டும். மூன்றாவதாக, எத்தனை பேர் ஆலோசனை பெற்றனர் என்பதோடு, எத்தனை பேர் மீண்டும் பள்ளிக்கும் வேலைக்கும் திரும்பினர் என்பதையும் கணக்கிட வேண்டும்.

உதவி தேவைப்படுவோர் 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணைத் தமிழிலேயே பேசி அணுகலாம். சிகிச்சையாளரைச் சந்திக்கும்போது, ‘நான் அஞ்சும் சூழலை எதிர்கொள்ளும் பயிற்சி இதில் உண்டா?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது. விடையளிக்கும் கடமை எங்களைப் போன்றோருக்கும், அத்தகைய பயிற்சி பெற்ற ஒருவரை ஒவ்வொரு வட்டத் தலைமை மருத்துவமனையிலும் அமர்த்தும் கடமை அரசுக்கும் இருக்கிறது.